சுருட்டைமுடிக்காரனும் என் முழங்காலும்

இரண்டு வருடத்துக்கு முந்தின கார்த்திகை மாதம். அப்போது நான் கூடலூரிலிருந்து ஜீப் ஏறி, குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு. விடிவதற்குள் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்தால், மலை ஏறி வேலை முடித்து, பொழுது சாயும்போது வீடு திரும்பலாம்.

எங்கள் ஜீப்பில் மட்டும் ஒரு கூடுதல் தொல்லை. ஓட்டுகிற தம்பிக்கும், அவன் பக்கத்தில் உட்காரும் கங்காணிக்கும் கால்பந்துப் பைத்தியம். தினமும் கேரளத்துக்காரர்களோடு பழகிப் பழகி ஒட்டிக்கொண்டது. தம்பிக்கு வெளிநாட்டுச் சிவப்புச் சட்டை அணி, கங்காணிக்கு நீலச் சட்டை அணி. இருவரும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் அதிகம் பேசியது அடிபட்டவர்களைப் பற்றி. எவனுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது, எவனுக்குக் கணுக்கால் பிசகியது, எவன் எந்த மாதம் திரும்புவான் என்று மலை ஏறி முடிகிறவரை இதே பேச்சுதான். பின்னால் கண் அசரப் பார்க்கும் எங்களுக்கு எரிச்சலாக வரும்.

"ஏலே, அவென் என்ன ஒன் மாமன் மகனா? ஒங்கப்பனுக்குக் காலு வலிச்சா இம்புட்டு விசாரிப்பியாடா?" என்று நான் ஒருநாள் கத்தியே விட்டேன்.

"எங்கப்பா கோலு போட மாட்டாரேக்கா" என்றான் தம்பி.

சிவப்புச் சட்டை அணியில் சுருட்டைமுடிக்காரன் ஒருவன் இருந்தான். ஜீப் கண்ணாடியில் முருகன் படத்துக்குக் கீழே அவன் படத்தைத்தான் தம்பி ஒட்டி வைத்திருந்தான். கார்த்திகைத் தொடக்கத்தில் அவனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அதற்கு ஏ.சி.எல். என்று பெயராம். அன்றைக்குத் தம்பி துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வண்டி ஓட்டினான். அதன் பிறகு ஏ.சி.எல்., ஆபரேஷன், ஒன்பது மாதம் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடமாகிவிட்டது.

அதே மாதத்தில் நானும் விழுந்தேன். மழை விட்டிருந்த சரிவில், இடுப்பில் காய்ப் பையோடு இறங்கும்போது கால் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கம் திரும்ப, பாதம் மண்ணிலேயே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குள் ஏதோ பட்டென்று அறுந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது. தம்பியும் கங்காணியும் என்னைத் தூக்கி வந்து ஜீப்பில் கிடத்தி, நேராகத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "ஏ.சி.எல். கிழிஞ்சிருக்கும்மா" என்றார்.

"அப்ப ஒம்பது மாசம் ஆகும்ல சார்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, யார் சொன்னது என்றார். எங்கள் ஜீப்பில் ஒரு சுருட்டைமுடிக்காரனுக்கும் இதேதான் என்று சொல்லிவிட்டேன். "அவரு எந்த வார்டுல இருக்காரு?" என்று அவர் அக்கறையாகக் கேட்க, வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ரொம்ப நாள் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு தெருவே வந்து பார்த்தது. பாசமாகத்தான் வந்தார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கட்டிலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "கத்தி பட்ட காலாச்சே, இனி மலை ஏறுமாத்தா? ஓடியாடித் திரிஞ்ச புள்ள" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரிடம் போய், ஏதாவது பெட்டிக்கடை வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

எனக்குப் பயம் இருந்தது. ஏலச்செடியில் காய் பிடிப்பது அடித்தூரில், தரையை ஒட்டிய சரத்தில். குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். முழங்கால் மடங்காதவளுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். வீட்டில் உட்கார்ந்து பெட்டிக்கடையில் மிட்டாய் விற்கிற பொறுமை எனக்கு இல்லை. வந்தவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுவேன்.

ஒருநாள் மாலை தம்பியும் கங்காணியும் வந்தார்கள். ஆப்பிள் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. கட்டிலருகே நின்று காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எப்பக்கா திரும்புறீக?" என்று கேட்டான் தம்பி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கக்கூசுக்குப் போகவே ஆளு பிடிக்க வேண்டியிருக்கு, நக்கலா பண்ணுற?" என்றேன்.

அவன் அசரவில்லை. தரையில் உட்கார்ந்து, விரலை மடக்கி மாதங்களை எண்ணினான். பங்குனி வரைக்கும் மடக்கி நீட்டுகிற பயிற்சி, ஆனி வரைக்கும் பலம் ஏற்றுகிற பயிற்சி, ஆவணியில் களத்தில் இறங்கிவிடலாம் என்றான். பிறகு போனை நீட்டினான். அதில் சுருட்டைமுடிக்காரன் இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றத் தயங்கி நின்றான். கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவன் முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே பயம்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தேன் எறங்குறீக" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் பயிற்சியை ஆரம்பித்தேன். தேனியில் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தேன். கால் பலத்துக்கு எடை கட்டச் சொன்னபோது, கல் உப்புப் பாக்கெட்டைத் துண்டில் சுற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். தம்பி அனுப்புகிற வீடியோவில் சுருட்டைமுடிக்காரனைச் சுற்றிலும் பளபளவென்று மெஷின்கள் இருக்கும், நான்கைந்து பேர் கைகட்டி நிற்பார்கள். எனக்குக் கட்டில்காலும், பக்கத்து வீட்டுக் கோழியும். அவன் ஓட ஆரம்பித்துவிட்டான் என்ற தகவல் வந்த வாரத்தில் எனக்குப் படி இறங்கவே நடுங்கியது. எனக்கு அவன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. என் காலுக்காக ஜீப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அம்மனுக்குக் கால் உருவம் சாற்றுவதாக நேர்ந்திருந்தார்கள். வெள்ளைத் தகட்டில் கால் வடிவம் பொறித்து விற்பார்கள், அதை வாங்கி வைப்பது வழக்கம். வாங்கப் போன தம்பி இரண்டு வாங்கி வந்தான். இன்னொன்று யாருக்கு என்று பூசாரி கேட்டார். "வெளியூர்க்காரருங்க, வர முடியல" என்றான் பணிவாக. கங்காணி மட்டும், எதிரணிக்காரன் காலுக்கு நான் கும்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று கும்பிட்டார். நான் பார்த்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. அவர்களுக்குப் புதுக் கால்பந்து சீசன் வரப்போகிறது, எங்களுக்குப் புதுக் காய் எடுப்பு. எங்கள் ஜீப்புகளில் ஒரு நடைமுறை உண்டு. காய் எடுப்பின் முதல் நாள் வண்டிக்குப் பூசை போட்டு யார் யார் ஏறுகிறார்களோ, அந்த சீசன் முழுவதும் இடம் அவர்களுக்குத்தான். முதல் நாள் வராதவள் இடம் போனது போனதுதான். வேறு ஜீப்பிலும் சேர்க்க மாட்டார்கள், அங்கேயும் ஆள் நிறைந்திருக்கும். அந்த வருடம் முதல் எடுப்பு ஆடி நடுவிலேயே வந்துவிட்டது. தேனியிலோ, ஆவணி முடிகிற வரைக்கும் சரிவில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் என் இடத்துக்காகக் காத்திருப்பதும் காதுக்கு வந்தது.

என்ன ஆனாலும் முதல் நாள் போவது என்று முடிவெடுத்தேன். போனில் தம்பியிடம் சொன்னேன். "ஏத்த மாட்டேன்க்கா" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டான். அவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று மாலையே நேரில் நாலு கேட்டுவிட வேண்டும் என்று, விந்தி விந்தி ஜீப் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனேன்.

அங்கே சீசனுக்கு முந்தின வழக்கமான கால்பந்து மாநாடு நடந்துகொண்டிருந்தது. நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. யாரோ ஒருவன் காலைப் பற்றித்தான் பேச்சு. சுருட்டைமுடிக்காரன்தான் என்று நினைத்தேன். "ஏறுறது பிரச்சினை இல்லடா. எறங்கும்போதுதேன் முட்டி வாங்கும்" என்றார் கங்காணி. அவன் எந்த மலையில் ஏறி இறங்கப் போகிறான் என்று ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. "உப்புப் பாக்கெட்டு ரெண்டாக்கிட்டாகளாம்" என்று தம்பி சொன்ன பிறகுதான் உறைத்தது. நான்கு அணிகளின் ரசிகர்கள் சுற்றி உட்கார்ந்து என் முழங்காலைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் முந்தி இறங்கி, மறுபடி கிழித்துக்கொண்ட ஆட்டக்காரர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத தம்பியும் கங்காணியும் அன்றைக்கு ஒரே கட்சி.

"அப்ப என் எடம்?" என்று பின்னாலிருந்து கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

கங்காணிதான் எழுந்து பேசினார். "அடிபட்டுக் கெடக்குறவன் சட்டை நம்பரை அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துருவாகளா? பேரு அணியில இருக்கும். ஆட்டத்துல மட்டும் இருக்க மாட்டீக. மொத நாளு ரெடியா இருங்க, வண்டி வரும்."

ஒன்றும் புரியாமல் வீடு திரும்பினேன். முதல் நாள் விடியும்போது ஜீப் என் வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. சந்தனப் பொட்டும் பூமாலையுமாக நின்றது. பெண்கள் கைகொடுத்து, பின்பக்க ஓரத்தில் என் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்கள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி நசுக்க, வண்டி கிளம்பியது. தம்பி மனம் மாறிவிட்டான் என்றுதான் நினைத்தேன். மடியில் சோற்று வாளி வேறு.

குமுளியில் வழக்கமாக நிறுத்தும் டீக்கடையில் வண்டி நின்றது. கடைக்கார மலையாளி, "சேச்சி, கால் எங்ஙனெ?" என்று கால் எப்படி இருக்கிறதென விசாரித்து, சூடான பழம்பொரியைக் கையில் திணித்தார். தின்று முடிப்பதற்குள் தம்பி என்னை இறக்கி, கூடலூர் வழியாகக் கம்பம் போகிற பஸ்ஸில் ஏற்றி, பார்த்து இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரிடமும் சொல்லிவிட்டான்.

"மொத நாளு வந்தாச்சு, எடம் நின்னுருச்சு. போயி உப்புப் பாக்கெட்டைத் தூக்குங்க."

ஜீப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது. கட்டிக்கொண்டு போன சோற்றை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து தின்றேன். மறுநாளிலிருந்து என் இடத்தில் அந்தப் புதுப்பெண் உட்கார்ந்தாள், நான் வருகிறவரைக்கும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள்.

ஆவணி கழிந்து, தேனியில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு போனேன். அதற்குள் ஊருக்குப் போன ஒருத்தியின் இடம் காலியாகிவிட, அந்தப் பெண்ணும் ஜீப்பிலேயே நிலைத்துவிட்டாள். கங்காணி என்னைச் சரிவுக்கு விடாமல், பாதையை ஒட்டிய சமதளத்தில் விட்டார். முதல் செடியின் முன்னால் நின்றபோது வியர்த்துவிட்டது. கையை மண்ணில் ஊன்றி, மெதுவாக மெதுவாக இறங்கினேன். முழங்கால் இழுத்தது, முனகியது, மடங்கியது. குத்தவைத்து உட்கார்ந்து முதல் சரத்தைத் தொட்டதும், வரிசை முழுக்க ஒரே கூச்சல். கோல் போட்டால் கத்துவார்களே, அப்படி.

அதே வாரத்தில் சுருட்டைமுடிக்காரனும் இறங்கினான். காலையில் ஜீப்பில் தம்பி போனைப் பின்னால் கொடுத்தனுப்பினான். ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் அவனை உள்ளே விட்டார்கள். பந்து அவன் பக்கம் சரியாக வரக்கூட இல்லை. ஆனால் அவன் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியதும் அவ்வளவு பெரிய மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"பந்தையே ஒழுங்காத் தொடலையேக்கா" என்றான் தம்பி, கொஞ்சம் வருத்தமாக.

"தொடாட்டி என்னடா, வந்துட்டான்ல" என்றேன். நீலச் சட்டைக் கங்காணியும் ஆமாமென்று தலையாட்டினார்.

இப்போதும் தினமும் மலை ஏறுகிறேன். ஜீப்பில் அடிபட்டவர்கள் பேச்சு நடந்தால் நானும் சேர்ந்து கத்துகிறேன். போன மாதம், எங்கள் தெருவில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருத்தியைப் பார்க்கப் போனேன். கட்டிலைச் சுற்றி எல்லோரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்று, "எப்ப ஆத்தா திரும்புற?" என்று கேட்டேன். அவள் என்னை முறைத்த முறைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் தம்பி அதே கேள்வியைக் கேட்டு நான் முறைத்த நாளிலிருந்துதான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.