பாத் நகரத்தில் திறக்காத யன்னல்

பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை காலை 7.13க்கு பரிஸ் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினேன். ஒருவழி டிக்கெட் எண்பத்தொன்பது யூரோ. லண்டனில் வேறு ரயில் பிடித்து பாத் நகரத்தில் இறங்கும்போது அந்த ஊர் நேரம் பன்னிரண்டரை.

உங்கள் சுதா மாமிக்கு ஆஸ்துமா என்று தெரியும்தானே. அவருடைய அறையின் ஒரே யன்னல் திறப்பதில்லை. அது சரிவராவிட்டால் வீட்டை விடுவதென்று மோகன் மாமா முடிவெடுத்திருந்தார். வேலைக்கு நடந்தே போகலாம் என்பதால் மாமிக்கு விட மனமில்லை. அதுதான் பெயின்ட் வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு இருநூறு வயதுக்கு மேல். தேன் நிறக் கல். ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே முகப்பு. வாசற்கதவின் மேல் விசிறி போல விரிந்த கண்ணாடி. முதல் மாடி யன்னல்கள் ஆளுயரத்துக்கும் மேல். மேலே போகப் போகச் சிறுக்கின்றன. அந்தக் காலத்தில் எசமானர் விருந்தினரோடு இருந்தது முதல் மாடியில், வேலைக்காரர் படுத்தது உச்சியில். மாமியின் அறையும் உச்சியில்தான். அரசாங்கம் பாதுகாக்கும் பட்டியலில் உள்ள வீடு. பிளாஸ்டிக் யன்னல் போட அனுமதி கிடைக்கவில்லை. பழையதைத் திருத்தலாம், வீட்டுக்காரரும் சம்மதித்திருந்தார்.

மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினோம். நான் பழக்கதோஷத்தில் கைபிடியைத் தேடி உள்ளே இழுத்தேன்.

"அண்ணை, உது பரிஸ் யன்னல் இல்லை. மேலை தூக்கோணும்," என்றார் மாமி.

பிரெஞ்சில் இதற்குக் கியோத்தின் யன்னல், அதாவது தலை வெட்டும் பொறி யன்னல் என்று பெயர் என்றேன். அப்படியென்றால் தலையை வெளியே நீட்டமாட்டேன் என்று சிரித்தார்.

தூசி ஆகாதென்று அவரைக் கீழே அனுப்பினோம். பெயின்டுக்கு மேல் பெயின்ட் பூசியே யன்னல் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் போன்றவர்கள் செய்த வேலை. விளிம்பெல்லாம் கத்தியால் கீறினோம். கண்ணாடி பழையது, லேசாக நெளிந்தது. உடைந்தால் அதுபோல இன்னொன்று கிடைக்காது. மோகன் மாமா தாங்கிப் பிடிக்க, மெதுவாகக் கழற்றினேன்.

நிலைச்சட்டத்தில் கிணற்றுக் கப்பி போல இரண்டு குட்டிக் கப்பிகள். கயிறுகள் அறுந்திருந்தன. பக்கத்து மூடியைத் திறந்து கைவிட்டால், வெள்ளரிக்காய் நீளத்தில் இரும்புப் பாரம். அது கீழே இறங்க, யன்னல் மேலே ஏறுமாம். இரண்டு பக்கமும் புதுக் கயிறு கோத்து முடிக்க ஆறு மணி.

மாமி வந்து ஒரு விரலால் தூக்கினார். ஏறி, நின்றது. குனிந்து நின்று நெடுநேரம் மூச்சை இழுத்து விட்டார்.

"இன்னும் வேறை வீடு பாக்கோணுமோ?" என்று மோகன் மாமா கேட்டார்.

"நீங்கள் வேணுமெண்டால் போங்கோ. நான் இஞ்சைதான்."

ஞாயிறு காலை புறப்பட்டேன். பரிஸில் நம் மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் நாங்கள் தெரு இரைச்சலுக்குப் பயந்து யன்னலைப் பூட்டியே வைத்திருக்கிறோம். நினைத்த நேரம் திறக்கலாம் என்பதை நான் ஒருநாளும் பெரிதாக எண்ணியதில்லை. கீழே நின்று வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். எதையும் மாற்றக்கூடாத அந்த முகப்பில், உச்சி யன்னல் மட்டும் ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.