மோட்டாருக்குப் பொட்டு

அக்டோபர் 1, புதன்கிழமை. காலை 10.40. வானம் மூடிக்கிடந்தது, கடல் பக்கமிருந்து பிசுபிசுவென்று காற்று. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறையில், நானும் என் மைத்துனன் தனபாலும் மூன்று மாதமாகக் கட்டிய சி.என்.சி. ரூட்டர் ஆயுத பூஜைக்குத் தயாராக நின்றது.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மெஷின். நெட்டுக்குப்பத்துப் படகுகளுக்குப் பெயர்ப் பலகை செய்யலாம் என்பது தனபாலின் திட்டம். பயப்படுவது என் இலாகா.

எதற்கெல்லாம் பயந்தேன்? ஸ்டெப்பர் மோட்டார் சிறியதாக இருந்தால் பாதி மரத்தில் திணறி, பலகை பாழாகும். பெரியதாக வாங்கினால் பணம் பாழ். பவர் சப்ளை 36 வோல்ட்டா, 48-ஆ? மோட்டாரை ஓட்டும் டிரைவர் தாங்குவது 50 வரைதான் — மிச்சம் வெறும் இரண்டு வோல்ட்! தூக்கம் வருமா?

கடைக்காரர் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார். "சார், மூணு மோட்டாருக்கு 36 வோல்ட், பத்து ஆம்பியர் போதும். எர்த் ஒயர் மட்டும் மறக்காம குடுத்துடுங்க."

மோட்டார் பற்றி அவர் சொன்னதை வீடு வரும்வரை மனதுக்குள் சரிபார்த்தேன். எர்த் ஒயரை ஒருமுறை முறுக்கி மாட்டியதோடு சரி... அப்புறம் அதை மறந்தே போனேன்.

பூஜையன்று என் மனைவி வசந்தா, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பிறகு மாவிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கிளம்பினாள்.

"பவர் சப்ளை மேல தெளிக்காதேம்மா!"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இப்டி பதறிக்கினு கீறீங்க?"

"இன்னா மாமா, லாரி மேலயே தெளிக்கிறாங்க. உன் மெஷினுக்கு இன்னா, ஜலதோஷமா புடிச்சிக்கும்?" என்றான் தனபால்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிய நேரத்தில், பவர் சப்ளையின் ஓட்டை மூடிக்குள் தீர்த்தம் இறங்கிவிட்டது. கற்பூரம் காட்டியாயிற்று. கண்ணில் ஒற்றிக்கொண்ட வசந்தா, மெஷினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு வணங்கினாள். அதே நொடியில் தனபால் சுவிட்சைப் போட்டான்.

டப்!

ஃபேன் நின்றது. கருகல் நாற்றம். "வசந்தா!" என்று அலறினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் சட்டத்தின் மேல் வைத்த கையை எடுக்காமலே திரும்பினாள். "இன்னாத்துக்கு இப்டி கத்துறீங்க? கரண்டு போச்சு, அவ்ளோதானே!"

மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போன தனபால், முகம் வெளுத்து வந்து என் காதோரம் சொன்னான்: "கரண்டு போவல மாமா. பக்கத்து வூட்ல டிவி ஓடிக்கினு கீது. நம்ம டிரிப்பர்தான் வுழுந்துகீது."

வீட்டுக் கரண்ட், நனைந்த இடம் வழியாகப் பவர் சப்ளையின் தகரப் பெட்டிக்கும், அங்கிருந்து மெஷினின் சட்டத்துக்கும் பாய்ந்திருக்கிறது. எர்த் ஒயர் அதை வாங்கிக்கொண்டதால் டிரிப்பர் விழுந்து கரண்டைத் துண்டித்தது. அந்த ஒயர் இல்லாதிருந்தால், வாங்கிக்கொண்டிருப்பது... வேண்டாம். எழுதக் கை வரவில்லை.

நம் பயமெல்லாம் விலை கூடின சாமானைச் சுற்றித்தான் காவல் நிற்கிறது, கவனித்தீர்களா? மோட்டாருக்காக மூன்று மாதம் கவலைப்பட்டேன். அதைத் தொடப்போகும் கைக்காக ஒரு நிமிடம்கூட இல்லை.

வசந்தா இன்னும் கரண்ட் போனதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

புது பவர் சப்ளை 2,650 ரூபாய். அதோடு போயிற்று.