கொரோக்கியா வேலி காய்த்த வருடம்

மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் முன்பு பிரிவெட் புதர்தான் வேலி. இந்த ஊரில் அதைக் களை என்பார்கள். அது பூக்கும் மாதங்களில் என் மனைவிக்கு மூச்சு இழுக்கும். அதனால் வெட்டி எடுத்தேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. முழங்கால் வலியால் பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மகன் வேலைக்குப் போனபின் அவருக்குத் துணை, பிரிவெட் பழத்துக்கு வரும் குருவிகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னக் குருவிகள். நான் வெட்டியதும் அவை வரவில்லை.

"மகன் பலகை வேலி அடிக்கப்போறானாம்" என்றார் அக்கா. பலகை வந்தால் எங்கள் சமையலறைக்கு வெயிலே வராது. நான் யாரிடமும் வலியப் பேசுகிறவன் இல்லை. அன்று எப்படியோ வாய் வந்தது.

"வேணாங்க அக்கா. இந்த நாட்டுச் செடியே வைக்கிறேன். பழம் பழுக்கும், குருவி வரும்."

"மூண்டு வருசம் பாப்பம் தம்பி. குருவி வரேல்லையெண்டால் பலகைதான்."

நர்சரியில் கொரோக்கியா என்ற செடியைக் காட்டினார்கள். கம்பியை வளைத்துச் செய்ததுபோல் கிளை, சாம்பல் பூத்த சின்ன இலை. பன்னிரண்டு வாங்கினேன். எங்கள் மண்ணில் எரிமலைக் கல்தான் அதிகம். ஒவ்வொரு குழிக்கும் கடப்பாரை தேவைப்பட்டது. முதல் வருடம் செடிகள் சும்மா நின்றன. இரண்டாம் வருடம் வசந்தத்தில் நட்சத்திரம் மாதிரி மஞ்சள் பூ பூத்தன. இலையுதிர் காலத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு பழம் இல்லை.

"பூக்குது, காய்க்குதில்லை. ஆம்பிளைச் செடியளா வாங்கிக்கொண்டு வந்திட்டீரோ?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் அக்கா.

மூன்றாம் வருடம் மறுபடி பூ வந்தபோது, பயந்துபோய் ஒரு கிளையை ஒடித்து நர்சரிக்குக் கொண்டுபோனேன். இதில் ஆண் செடி, பெண் செடி என்று கிடையாது, பூவை விட்டுவைத்தால் தானாகக் காய்க்கும் என்றார் அங்கிருந்த பெண். விட்டுவைத்தால் என்ற சொல் என்னைக் குத்தியது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நான் ஒரு கைப்பிடி பறித்து முருகன் படத்துக்கு வைப்பேன். சொந்தச் செடியில் பூ இருக்கும்போது சாமிக்கு வைக்காமல் இருக்க எனக்கு மனம் வராது. ஒரு கைப்பிடிதானே என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பறிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் எவர்சில்வர் கிண்ணம்.

"அக்கா."

அவர் திடுக்கிட்டார். "டாக்டர் காலமை நடக்கச் சொன்னவர் தம்பி. அப்பிடியே பிள்ளையாருக்கு ரெண்டு பூ."

கிண்ணம் நிறைந்திருந்தது. அதைப் பார்க்காததுபோல் உள்ளே போயிருக்கலாம். ஆனால் வேலி போய்விடுமே.

"நானும்தாங்க அக்கா. முருகனுக்கு. தினமும்."

என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அண்ணனும் தம்பியுமாச் சேர்ந்து குருவியின்ர சாப்பாட்டை முடிச்சுப்போட்டினம்."

அன்றோடு இருவரும் நிறுத்தினோம். அக்கா வீட்டுப் பின்புறம் செம்பருத்தி உண்டு. அவர் அதைச் செவ்வரத்தை என்பார். காலையில் அதே கிண்ணத்தில் நாலு பூ வேலிக்கு மேலாக வரும். வெள்ளிக்கிழமை கிண்ணத்தைச் சுண்டலோடு திருப்பிக் கொடுப்பேன். உப்பு போதாது என்பார். மறுவாரம் கூட்டுவேன், கூடிவிட்டது என்பார்.

மஞ்சள் பூக்கள் செடியிலேயே வாடின. அது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. வாடிய இடத்தில் பச்சை மணிகள் வந்தன. மழை தொடங்கும் சமயம் சிவந்தன.

ஒரு சனிக்கிழமை அக்காவின் மகன் அளவு நாடாவோடு வந்து வேலியோரம் குனிந்தார். ஜன்னல் கண்ணாடியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது.

"அளக்க வேண்டாம், இஞ்சால வா" என்றார் அக்கா, ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து, மெல்லிய குரலில். "ரெண்டு வந்திருக்குது. நீ நிண்டால் பறந்திடும்."

மகன் நாடாவைச் சுருட்டினார். நான் கையிலிருந்த தண்ணீர்க் குழாயோடு நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றேன்.