அத்தான் யாருடைய பிள்ளை?

இந்த நினைவு மலரின் அட்டையில் அத்தானின் முழுப்பெயரும் இருக்கிறது. உள்ளே நான் அவரை அத்தான் என்றே எழுதுகிறேன். அக்காவின் கணவரை அப்படித்தான் அழைத்தேன். அவரும் ஸ்கொட்லாந்து வாடை மாறாத தமிழில் என்னை "மச்சாள்" என்றே அழைத்தார். ஆனால் அவருடைய பெயரின் கடைசிப் பகுதியான மக்கின்டயர் என்பதை எழுதாமல் இருக்க முடியாது. நம் குடும்பத்தில் அவரைப் பற்றி எழுந்த சந்தேகங்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் தொடங்கின. இதை வாசிக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது அந்த நாட்களில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, உவர் ஆராம்? வடிவா விசாரிச்சனீங்களோ?" என்று கேட்டவர்கள். ஆகவே இப்போது ஒன்றும் தெரியாத முகத்தோடு பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

அத்தான் பிறந்தது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு உள்ளே புகுந்திருக்கும் ஆர்கைல் பகுதியில். உடன்பிறந்தவர்கள் இல்லை. சிறு வயதிலேயே தாயாரை இழந்தார். தகப்பனார் வேலை தேடிக் கிளாஸ்கோ நகரத்துக்குப் போனபோது மகனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் தகப்பனும் மகனும் பேசியது கேலிக் மொழி. பள்ளிக்கூடத்தில் அந்த மொழி வாயில் வந்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். படித்து, காது கேளாதவர்களுக்குச் சோதனை செய்து கருவி பொருத்தும் தொழிலுக்கு வந்து, லண்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். அக்கா அங்கே தாதியாக இருந்தார். தகப்பனாரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தனி ஆள். தனி ஆள் என்றாலே நமக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அக்கா அவரை லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கூட்டிவந்த அன்று அப்பா உயிரோடு இல்லை. அம்மாதான் எதிரே கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர் கொடுத்து முடிய, ஊரில் எந்தப் பெடியனிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?"

யாருடைய பிள்ளை என்று அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னார். அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு, நிமிர்ந்து இருந்து, பாடம் ஒப்புவிப்பது போல நீளமாக ஏதோ சொன்னார். அது ஆங்கிலமும் இல்லை, அவருடைய கேலிக். கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுமை இல்லை.

"டங்கன் எண்டவற்றை மகனாம், அம்மா."

அவ்வளவுதான். அத்தான் போன பிறகு அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பெடியன் அவ்வளவு நேரம் சொன்னது, நீ ஒரு பேரோடை முடிச்சிட்டாய். மிச்சத்தை ஏனடி மறைக்கிறாய்?"

அக்கா எதையும் மறைக்கவில்லை, அவருக்கு விளங்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அம்மா அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

நம் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளையின் ஊருக்கு ஒரு ஆளை அனுப்பி, கோயிலடியிலும் கடைத்தெருவிலும் நைசாகக் கதை கொடுத்து விசாரிப்பது வழக்கம். ஆர்கைலுக்கு யாரை அனுப்புவது? அங்கே நம்முடைய ஆள் ஒரு கடைகூட வைத்திருக்கவில்லை. எனவே நான் நூலகத்துக்குப் போனேன். ஆளை விசாரிக்க வழி இல்லாதபடியால் பெயரை விசாரித்தேன்.

கேலிக் மொழியில் மக் என்றால் மகன். மிச்சப் பகுதி தச்சரைக் குறிக்கிறது. மக்கின்டயர் என்றால் தச்சரின் மகன். இதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"வெள்ளைக்காரரிலையும் உதுகள் இருக்கோ?"

இந்த வரியை அச்சிட வேண்டாம் என்று அக்கா சொன்னார். நான் அச்சிடுகிறேன். கடல் கடந்து வந்து, பனியில் நின்று வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, அதற்குப் பிறகும் நாம் கேட்ட கேள்வி அதுதான், என்ன சாதி. அம்மா மட்டும் கேட்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் சேலைக் கடையில் நின்றுகொண்டு என்னிடம் காதோடு கேட்டவர்கள் எத்தனை பேர்! அக்கா கோபத்தில் வெடித்தார். அத்தான் மட்டும் சிரித்தார். தங்கள் முன்னோர் ஒருவர் நடுக்கடலில் படகில் ஓட்டை விழுந்தபோது பெருவிரலால் அடைத்ததாகவும், படகைச் செலுத்த வேண்டியிருந்ததால் அந்த விரலையே வெட்டி அங்கே விட்டதாகவும், அதனால் வந்த பட்டம்தான் தச்சர் என்றும் ஒரு கதை சொன்னார். இன்னொரு கதையும் இருந்தது. அவர்கள் குடியிருந்த மலைக்காணிக்கு ஆண்டுதோறும் கோடைகாலத்தில் ஒரு பனி உருண்டையும் ஒரு வெள்ளைக் கன்றும்தான் குத்தகையாம். பிற்காலத்தில் காணிக்காரர் பனிக்குப் பதிலாகக் காசு கேட்கத் தொடங்கினாராம். கட்ட முடியாமல் காணியை விட்டுப் போனார்களாம். எனக்கு இரண்டுமே நம்பக்கூடியதாக இல்லை.

திருமணம் நடந்தது. கோயிலில் தாலி கட்டி, பிறகு பதிவும் செய்தார்கள். அம்மா வந்தார், படம் எடுத்தார்கள், படத்தில் அம்மா யாரையும் பார்க்கவில்லை. அதன் பிறகு அத்தான் அம்மாவின் குசினியில் சமையல் சாமான் வைக்க ஒரு மரத்தட்டு அடித்துக் கொடுக்க முன்வந்தார். அரை நாள் வேலை செய்தார். தட்டு ஒரு பக்கம் சரிந்து நின்றது. மிளகாய்த்தூள் போத்தல் தானாகவே நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. அம்மா போத்தலைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

"தச்சன்ரை மோன் எண்டதும் பொய்தான்."

என் விசாரணை அதோடு நிற்கவில்லை. மக்கின்டயர்கள் ஸ்கொட்லாந்தில் நிறைய இருக்கிறார்கள். அதே கருத்துள்ள பெயர் சற்று உருமாறி வட அயர்லாந்திலும் இருக்கிறது. காணியை விட்டவர்களும் பிழைப்புத் தேடியவர்களும் கப்பலேறியதால் கனடாவின் கிழக்குக் கரையிலும், அமெரிக்காவிலும், அவுஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் அந்தப் பெயர் கிடக்கிறது. பார்த்தால் நம் உறவினர்களின் விலாசப் பட்டியல் போலவே இருந்தது. ஆனால் ஒரு பெயர் இத்தனை நாட்டில் இருந்தால் அதில் ஒரு ஆளை எங்கே பிடிப்பது? அந்தப் பெயர் எங்கே இருந்து வந்தது, என்ன கருத்து, எங்கெங்கே இருக்கிறது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் யார் என்பது மட்டும் தெரியவில்லை.

ஆண்டுகள் போயின. அக்காவுக்கு ஒரு மகன் பிறந்தான். எங்கள் பெறாமகன், மக்கின்டயர் என்ற பெயரோடு தேவாரமும் பாடினான். அம்மாவுக்குக் காது மந்தமானது. அத்தான்தான் சோதித்துக் கருவி பொருத்தினார். விருப்பமில்லாத கதை வந்தால் அம்மா கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அத்தானைப் பற்றிய பேச்சு வந்தாலும் கருவி மடிக்குத்தான் போகும்.

அப்படி இருக்க, அக்கா பகல் ஷிப்டுக்குப் போகும் புதன்கிழமைகளில் அத்தான் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியவந்தது. அக்காவிடம் கேட்டேன். "பட்டரி மாத்தப் போறவர்" என்றார். ஒரு பட்டரி மாற்ற மூன்று மணித்தியாலமா? கிழமைக்குக் கிழமை மாற்ற வேண்டுமா? விசாரித்தேன். அந்தச் சிறிய பட்டரி உண்மையிலேயே ஒரு கிழமை அளவில்தான் நிற்குமாம். இவ்வளவு பொருத்தமான சாட்டு ஒருவர் வைத்திருந்ததே எனக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஒரு புதன்கிழமை என் வீடு இருக்கும் ஈஸ்ட் ஹாமில் இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பிடித்து, பிறகு டிராம் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் மணியை அடித்தேன். உள்ளே இருவரும் பேசும் சத்தம் வெளியே கேட்டது. கதவு திறந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மேசையில் இரண்டு கோப்பைகள், ஒரு தட்டில் பயற்றம் பணியாரம். அம்மா அதற்குள் கருவியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"பட்டரி, மச்சாள்," என்றார் அத்தான்.

எதை மறைக்கிறார்கள் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. மாமியும் மருமகனும் நேரே நின்று பேசுவதில்லை என்று ஊரெல்லாம் அறியும். அப்படிப்பட்ட இருவர் ஒன்றுசேர்ந்து எதையோ மறைத்தால் அது சின்ன விஷயமாக இருக்காது.

பிறகு அத்தானுக்கு நோய் வந்தது. சிகிச்சைகளை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். முடியாது என்றான பிறகு வீட்டிலேயே இருக்க விரும்பினார். கடைசிப் புதன்கிழமை அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அவரிடம் கொண்டுபோனோம். அத்தான் படுத்தபடியே பட்டரியை மாற்றி, கருவியை அம்மாவின் காதில் வைத்துவிட்டார். அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ" என்றார். கதவு சாத்தப்பட்டது. நான் கதவோடு காதை வைத்தேன், ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நாளில் அத்தான் போய்விட்டார். அக்காவின் அழுகையை இங்கே எழுத என்னால் ஏலாது.

முப்பத்தோராம் நாள் நடந்த அந்தியேட்டிக் கிரியையில்தான் எல்லாம் வெளிப்பட்டது. இறந்தவரை அவருடைய தகப்பன், பாட்டன், பூட்டன் என்ற மூன்று தலைமுறை முன்னோரோடு சேர்க்கும் கட்டம் வந்தது. குருக்கள் ஐயா பெறாமகனைப் பார்த்து, "தம்பி, அப்பாவின்ரை தேப்பன், பேரன், பூட்டன், மூண்டு பேரும் சொல்லும்" என்றார்.

"டங்கன்," என்றான் பிள்ளை. பிறகு தாயைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தார். இத்தனை ஆண்டு விசாரித்தவள் நான்தானே!

"எல்லாருக்கும் மக்கின்டயர்தான், ஐயா," என்றேன்.

"அது எல்லாருக்கும் பொது, அம்மா. ஆளின்ரை பேர் வேணும்."

தர்ப்பை போட்ட விரலோடு பிள்ளை காத்திருந்தான். மூன்று பிண்டமும் இலையில் இருந்தன. அத்தானை அவருடைய ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் நாங்கள் நின்றோம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னால் கதிரையில் இருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தேப்பன் டங்கன். பேரன் அலன். பூட்டன் இயன்."

குருக்கள் ஐயா மூன்று பெயரையும் சொல்லிப் பிண்டம் வைப்பித்தார். அம்மா நிறுத்தவில்லை. "இயன்ரை தேப்பன் டொனால்ட். டொனால்டின்ரை தேப்பன் இன்னொரு டங்கன். அவர்தான் மலைக்காணியை விட்டிட்டுக் கடற்கரைக்கு வந்தவர்..."

"போதும் அம்மா, மூண்டு பேர் காணும்," என்றார் ஐயா.

அம்மா காதில் வாங்கவில்லை. தனக்குத் தெரிந்த கடைசிப் பெயர் வரை சொல்லி, "அதுக்கு மேலை அவருக்கும் தெரியாது" என்று முடித்தார்.

எல்லோரும் போன பிறகு நான் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"எப்ப கேட்டனீங்கள்?"

"முதல் நாளே கேட்டனான். உன்ரை அக்கா ஒரு பேரோடை மறைச்சவள். பிறகு நானே அவரிட்டைக் கேட்டன். அவையளின்ரை ஊரிலையும் முதல் கேள்வி அதுதானாம்."

"ஏன் எங்களுக்கு ஒளிச்சனீங்கள்?"

"சும்மா கேட்க ஏலுமோ? அவர் ஒண்டு சொன்னால் நானும் ஒண்டு சொல்லுவன். எங்கடை ஆக்களின்ரை பேர் முழுக்க அவருக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

"எங்களுக்குச் சொல்லேல்லையே!"

"நீங்கள் எங்கை கேட்டனீங்கள்?"

எங்கள் அப்பாவின் பெயர்தான் கடவுச்சீட்டில் எனக்குக் குடும்பப் பெயராக நிற்கிறது. அவருடைய தகப்பனார் பெயர் தெரியும். அதற்கு மேலே யாராவது கேட்டால் நானும் விழிக்க வேண்டியதுதான். அம்மா சொன்ன அத்தானின் முன்னோர் பெயர்களை நான் சரிபார்க்காமல் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டும் சரியாக இருந்தன. மேலே போகப் போகத் தேட முடியவில்லை. அம்மாவை நம்ப வேண்டியதாகிவிட்டது.

இந்த ஓராண்டில் அக்காவுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோயின் நாட்களில் வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த மிச்சம் பகுதி அயலவர்களுக்கும், பொறுமையோடு கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், அத்தானின் இறுதி நிகழ்வில் கேலிக் மொழியில் பிரார்த்தனை சொன்ன அவருடைய பழைய நண்பருக்கும் நன்றி. தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கும் நன்றி. உங்கள் கேள்விக்கான விடை இதற்குள் இருக்கிறது.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் கருவியைக் கழற்றிவிடுவார். இப்போது புதன்கிழமைகளில் நான் அவரிடம் போகிறேன். எங்கே போகிறேன் என்று என் கணவருக்குச் சந்தேகம். பட்டரி மாற்ற என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா எங்கள் ஆட்களின் பெயர்களை அப்பாவில் இருந்து மேல்நோக்கிச் சொல்லிக்கொண்டு போவார். அண்மைக் காலமாக நடுவில் ஒரு பெயரில் வந்து நின்றுவிடுகிறார். கண்ணை மூடி யோசிப்பார், விரலை மடக்குவார், வராது.

"அத்தானைக் கேள். அவருக்கு எல்லாம் மனப்பாடம்," என்பார்.