இம்மானுவேலின் பிரஷர்

என் தம்பி இம்மானுவேலுக்கு ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காது. சோறு தின்னும்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான். அப்படிப்பட்டவன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினான். கூரைக்குக் கீழே ஒரு கூண்டில் ஏறி உட்கார்ந்து, காய்ச்சிய இரும்பைத் தூக்கி நகர்த்துகிற வேலை. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கிரேன் ஆபரேட்டர் ஆனது இவன் ஒருவன்தான். அந்தப் பெருமை அவனைவிட எனக்கு அதிகம்.

மாசி மாதம் ஒருநாள் டீ டம்ளர் அவன் வலது கையிலிருந்து நழுவியது. "இன்னாடா ஆச்சு" என்றேன். பதிலுக்குக் குழறல்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை, சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது.

"சுருங்கின இடத்துல ரத்தம் பீச்சிக்கிட்டுப் போகும். அதைத் தாண்டினா வலு கொறஞ்சிடும்" என்றார் டாக்டரம்மா. "அந்தப் பக்கம் போய்ச் சேர, பின்னாலேர்ந்து தள்ளுறதுக்கு பிரஷர் வேணும். ரொம்ப ஏறவும் கூடாது, சட்டுனு இறங்கவும் கூடாது. காலைல பிரஷர் மாத்திரை ஒண்ணே ஒண்ணு. தண்ணி நல்லா குடிங்க. கிரேன்ல ஏறாதீங்க."

இவன் தலையை ஆட்டினான். ஆட்டுகிற தலைக்குள் ஏதாவது போனால்தானே. மறு வாரமே கூண்டில் ஏறிவிட்டான். காண்ட்ராக்ட் ஆளைக் கீழே இறக்கினால் மறுபடி ஏற்றமாட்டார்கள் என்ற பயம் அவனுக்கு. நான் கத்தியதுதான் மிச்சம்.

உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஆலை வாசலில் அவ்வப்போது பிரஷர் பார்ப்பார்கள். நூற்று நாற்பதைத் தாண்டினால் அன்றைக்கே வெளியே போகவேண்டியதுதான். அதற்கு நம் ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செக்கப் அன்று நாஷ்டா கிடையாது, தண்ணீர் கிடையாது, வேலைக்குப் போகிற ரயிலிலேயே ஒன்றுக்கு மூன்றாக பிரஷரை இறக்குகிற மாத்திரை. ஒருவனுடைய மாத்திரை அட்டை, வெற்றிலை மாதிரி பெட்டி முழுக்கக் கை மாறும்.

சித்திரை வெயிலில் அந்த நாள் வந்தது. நான் பேக்கிங் வேலைக்குப் போக கும்மிடிப்பூண்டியில் லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்கினேன். இம்மானுவேலோடு வேலை செய்கிற ரகு சிரித்துக்கொண்டே எதிரில் வந்தான்.

"யக்கா, இன்னிக்கு செக்கப்பு. அவனுக்கு என் மாத்திரை ரெண்டு குட்த்தேன். பாஸாயிடுவான், நீ பேஜாராவாத."

"அவன் மாத்திரையும் போட்டுக்கினானா?"

"பின்ன, அதுவும்தான். மின்னாடியே ஓடிப்பூட்டான்."

பாவி, பாசத்தில் செய்திருக்கிறான், அவனை என்ன சொல்ல? போன் அடித்தேன், அணைத்திருந்தது. ஷேர் ஆட்டோ லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இறங்கி ஓடினேன். ஏணியில் பாதி ஏறும்போது கை விட்டால்? கூண்டுக்குள் மயங்கினால்? கீழே நிற்கிறவர்கள் கதி என்ன?

கேட்டில் செக்யூரிட்டி துளசிராமன் மறித்தார். "உள்ள போவக்கூடாதும்மா."

"அப்ப என் தம்பிய கூப்புடு. இல்லாங்காட்டி உன்னத் தள்ளிக்கினு போவேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் செக்கப் அறையிலிருந்து இம்மானுவேலே வெளியே வந்தான். 'ஃபிட்' என்று எழுதிய சீட்டை எனக்குத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். வாயில் ஒரு பக்கம்தான் சிரித்தது. அடுத்த அடியில் வலது கால் மடங்கி என்மேல் சாய்ந்தான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரைக் கதையையும் ஸ்கேன் கதையையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவனை மட்டமாகப் படுக்க வைத்து சலைன் ஏற்றினார்கள். நர்ஸ் ஒவ்வொரு தடவை பிரஷர் பார்க்கும்போதும் நான், "ஏசப்பா, ஏத்துப்பா" என்று வேண்டினேன். பிரஷர் ஏறவேண்டும் என்று ஜெபித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெகுநேரம் கழித்து அவன் விரல்கள் என் புடவையைப் பிடித்தன.

"எவ்ளோ?" என்றான். குழறல்தான், ஆனால் சொல் புரிந்தது.

"நூத்தி அறுபது" என்றார் நர்ஸ்.

அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அப்ப ஃபெயிலாயிட்டனாக்கா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஆமாண்டா, ஃபெயிலு" என்றேன். "கிரேனு போச்சு. படு."