வயலின் நின்ற இடம்

கல்யாணத்துக்கு முன்பிருந்தே செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டரிடம் போனேன். தறிச் சத்தத்தில் காது நரம்பு கெட்டுவிட்டது, மிச்சமும் மெல்லப் போய்விடும் என்றார்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் மறுநாள் இயர்போனோடு வந்து உட்கார்ந்தாள்.

"காது கேக்குறப்பவே எல்லாத்தையும் கேட்டுருங்கப்பா."

எனக்குச் சினிமாப் பாட்டைத் தவிர எதுவும் தெரியாது. அவள் தினமும் ஒருவருடைய இசையைப் போட்டாள். காவிரிக்கரையில் வாழ்ந்த ஒருவரின் கீர்த்தனை, ஏதோ அரபு தேசத்துக்காரரின் மெட்டு. போடுமுன் அவர் யார், எந்தக் காலத்து ஆள் என்று என் காதருகே சத்தமாகச் சொல்வாள்.

ஒரு சாயங்காலம், எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர் ஒருவர் வயலினுக்கு எழுதியதைப் போட்டாள். ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டோம். கண்ணை மூடிக் கேட்டேன். வயலின் மேலே மேலே ஏறி, மெலிந்து, நின்றது.

"எம்புட்டு அழகா முடிச்சிருக்காரு," என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் தலை இசைக்கேற்ப அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றது.

"இன்னும் முடியலப்பா," என்றாள்.

நான் இயர்போனைக் கழற்றவில்லை. அது முடியும் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை. இடது காதுக்கு எட்டும் கனத்த ஒலிகளாகத் தேடிப் போடுகிறாள். இத்தனை வருடமும் இந்த இசைக்காரர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இருந்திருக்கிறார்கள். நான்தான் தறிச் சத்தத்துக்குள் இருந்தேன்.