நாய் போலிருந்த வெள்ளாடு

கயத்தாறுக்கு அனுப்பிய வெள்ளாட்டு மார்க் தீப்பெட்டிகள் முழுவதும் திரும்பி வந்துவிட்டதாகத் தொழிற்சாலைக் கணக்கப்பிள்ளை இன்று மதியம் உறுதி செய்தார்.

சரக்கு நமுத்துப்போகவில்லை. குறை லேபிளில்.

பழைய லேபிளில் இருந்தது ஏறக்குறைய நாய். கொம்பு இருந்ததால் ஆடு என்று நம்பினோம். லேபிள் அடிக்கிற அச்சுக்கல்லில் அந்தப் படம் தேய்ந்துவிட்டதால், ஓவியர் சங்கரனிடம் அதையே திரும்ப வரையச் சொன்னார்கள். அவர் நிஜ ஆட்டைப் பார்த்து வரைந்தார். முன்னங்கால் தூக்கி, உடைமரத்து இலையை எட்டிக் கடிக்கும் ஆடு. அதன் கண்ணில் உயிர் இருந்தது. லேபிளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் காட்டினார்.

படத்தைப் பார்த்துப் பெட்டி வாங்குகிறவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இது நம்ம ஆடு இல்ல அண்ணாச்சி, கள்ளச் சரக்கு."

இத்தனைக்கும் வீட்டுக்கு வீடு ஆடு வளர்க்கிறவர்கள்.

முதலாளி என் முன்னாலேயே சங்கரனைக் கூப்பிட்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு வே. அதாம் கோளாறு. பழைய நாயையே போட்டுத் தாரும்."

"மொதலாளி, அந்தக் கண்ண மட்டும் விட்டிருங்களேன்."

"கண்ணு வேணும்னா கசாப்புக்கடைக்குப் போம்."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரனும் சிரிக்க வேண்டியிருந்தது.

நாளை காலை அச்சகத்தில் கல்லைத் தேய்த்து அந்த ஆட்டை அழிக்கிறார்கள். தேய்க்கிற வேலையும் சங்கரனுக்கே. நாய் திங்கட்கிழமை வரும்.

வாலையாவது ஆட்டு வாலாக வரையலாமா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.